பதினாறா, பதினெட்டா? – ஒரு சக்கரக் கணக்கு

இலக்கியம் பேசுவதற்கென்று நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் காரின் சக்கரத்தைப் பற்றி எழுதுவது முறைதானா என்ற தயக்கத்தோடுதான் இதைத் தொடங்குகிறேன். "தமிழ் வாத்தியாருக்கு டர்போ என்ஜின் எதற்கு?" என்று என்னுடன் பணிபுரியும் இயற்பியல் பேராசிரியர் அடிக்கடி கேட்பார். அவருக்கு நான் சொல்லும் விடை முல்லைத்திணை என்பதுதான். வினைமுற்றி மீளும் தலைவன், கார்காலம் தொடங்கிவிட்டதைக் கண்டு, தேரை இன்னும் விரைந்து செலுத்துமாறு பாகனிடம் வேண்டும் பாடல்களை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அதே இருபது ஆண்டுகளாக, வகுப்பு முடிந்ததும் ஒரு சிறிய பழைய காரில் ஏறி, லாரிகளுக்குப் பின்னால் புகையைச் சுவாசித்தபடி சேலத்திலிருந்து இராசிபுரம் வரை ஊர்ந்து சென்றிருக்கிறேன். தலைவனின் அவசரம் எனக்குப் புரிந்ததுபோல் வேறு எந்தத் தமிழாசிரியருக்கும் புரிந்திருக்காது.

2024-ஆம் ஆண்டின் சித்திரை மாதத்தில் அந்த ஆசை நிறைவேறியது. இரண்டாண்டு ஓடிய செடான் ஒன்று விலைக்கு வந்தது. ஒன்றரை லிட்டர் டர்போ என்ஜின், 150 குதிரைத்திறன். ஆனால், என்னை வீழ்த்தியது என்ஜின் அன்று, சக்கரங்கள். முதல் உரிமையாளர் ஆலையில் பொருத்தியிருந்த 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கரிய நிறத்தில், மெல்லிய ஆரங்களோடு கூடிய 18 அங்குல அலாய் வீல்களை மாட்டியிருந்தார். சக்கர வளைவின் இடைவெளி முழுவதையும் அவை நிறைத்து நின்றன. கல்லூரி வாசலில் மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் தோழிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். நானும், எவரும் பார்க்காத நேரத்தில், நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மகிழாதவர் அம்மா ஒருவர்தான். எழுபத்து மூன்று வயது. பின்னிருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். "பழைய வண்டி மெத்துமெத்துன்னு இருந்துது கண்ணு. இது கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்குது" என்பார். வயதின் குறை என்று நான் எண்ணிக்கொண்டேன். வீட்டார் ஐவரும் ஏறி அமர்ந்தால் பின்சக்கரம் மட்கார்டின் உட்புறத்தில் உரசும் ஒலி கேட்கும். அதையும் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அந்த ஆண்டின் ஐப்பசியில், ஓர் இரவு, சேலத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு நானும் அம்மாவும் மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம். மல்லூரைத் தாண்டியபோது மழை வலுத்தது. வேகம் எண்பதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருந்திருக்கும். சாலையின் தாழ்வான பகுதியில் நீர் தேங்கியிருந்ததை விளக்கொளியில் கண்ட கணத்திலேயே கார் அதில் ஏறிவிட்டது. ஸ்டீயரிங் திடீரென எடையிழந்தது. திருப்பினேன், எதுவும் நிகழவில்லை. பின்பகுதி வலப்புறமாக விலகிச் செல்வதை முதுகினால் உணர்ந்தேன். அரைவட்டம் சுழன்று, சாலையோர மண்ணில் இறங்கி, வந்த திசையையே பார்த்தபடி கார் நின்றது. சில நொடிகளில் லாரி ஒன்று நீண்ட ஒலியெழுப்பியபடி எங்களைக் கடந்து சென்றது. அது அந்தச் சில நொடிகள் முன்னதாக வந்திருந்தால் என்ற நினைவு இன்றும் என்னை உறக்கத்தில் எழுப்புகிறது. மகள் அழுதாள். அம்மா அவளுடைய தலையைத் தடவியபடி, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் அமர்ந்திருந்தார்.

மறுநாள் காலை டயர் கடைக்குச் சென்றேன். "பட்டன் எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் கடைக்காரர். உண்மைதான், பள்ளங்களில் நான்கு மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. சட்டம் கார் டயருக்கு வேண்டும் எனச் சொல்வது 1.6 மில்லிமீட்டர்தான். பிறகு அவரே டார்ச் விளக்கை அடித்துப் பக்கச்சுவரில் எதையோ தேடினார். முகம் மாறியது. "இங்க பாருங்க சார்" என்று காட்டிய இடத்தில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1117.

டயரின் பிறப்புச் சான்று அது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2017-ஆம் ஆண்டின் பதினோராம் வாரத்தில் பிறந்த டயர். என் கார் பிறந்ததோ 2022-இல். காரைவிட ஐந்தாண்டு மூத்த டயரை எவரோ கழற்றி விற்க, எவரோ வாங்கி மெருகூட்டி மறுபடி விற்க, முதல் உரிமையாளர் அழகிய ரிம்மோடு சேர்த்து மலிவாக வாங்கி மாட்டியிருக்கிறார். வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் தன் நெகிழ்வை இழந்து இறுகிவிடும். பட்டன் இருக்கும், பிடிப்பு இருக்காது. வாழ்நாளெல்லாம் ஓலைச்சுவடிகளின் காலத்தை ஆராயும் துறையைச் சேர்ந்தவன் நான். என் குடும்பத்தைச் சுமந்து சென்ற பொருளின் காலத்தை ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை.

அன்று முதல் இரண்டு வாரங்கள் பக்கச்சுவரின் மொழியைப் பயின்றேன். அது சூத்திரநடை, உரையின்றிப் பொருள் விளங்காது.

ஆலையில் என் காருக்குத் தரப்பட்ட அளவு 205/55 ஆர்16 91வி. விர்ட்டஸ், ஸ்லாவியா, வெர்னா முதலிய செடான்களின் உயர்வகைகளிலும் 205/55 ஆர்16 என்ற இதே அளவுதான். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக்குறி. ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்பது வேகக்குறி. மணிக்கு 240 கிலோமீட்டர் வரை.

இனிக் கணக்கு. 205-இல் 55 விழுக்காடு ஏறத்தாழ 113 மில்லிமீட்டர். மேலும் கீழும் அதைச் சேர்த்து, 16 அங்குல ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர். என் காரில் இருந்தது 225/40 ஆர்18. அதன் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 637. இடைப்பட்ட 225/45 ஆர்17-இல் பக்கச்சுவர் 101. மொத்த விட்டம் 634.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். 632, 634, 637. பதினாறும் பதினேழும் பதினெட்டும் ஏறக்குறைய ஒரே உயரம்! பெரிய சக்கரம் என்று நான் பெருமைப்பட்டது பெரிய சக்கரமே அன்று. சக்கரத்தின் மொத்த விட்டத்தை ஆலை அளவிலிருந்து அதிகம் மாற்ற முடியாது. மாற்றினால் வேகமானி பொய் சொல்லும், வளைவில் உரசும். எனவே இரும்போ அலுமினியமோ எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு காற்று குறைகிறது. சாலைக்கும் அம்மாவின் இடுப்புக்கும் நடுவே இருந்த 113 மில்லிமீட்டர் காற்றில் 23 மில்லிமீட்டரை நான் அழகுக்காக விற்றிருந்தேன்.

இதைச் சொன்னபோதுதான் அம்மா அப்புச்சியைப் பற்றிப் பேசினார். அம்மாவின் தந்தை மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். சிறுவனாக நான் அவருடைய பட்டறையில் அமர்ந்திருக்கிறேன். கருவேல மரத்தில் கடைந்த குடம், அதில் அறைந்த ஆரக்கால்கள், ஆரக்கால்களை வளைத்துப் பிடிக்கும் வட்டை, எல்லாவற்றையும் இறுக்கும் இரும்புப் பட்டை. வறட்டியை அடுக்கித் தீமூட்டிப் பட்டையைச் செங்கனலாக்கி, நால்வர் குறட்டால் தூக்கி வந்து வட்டையின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும், சுருங்கும் இரும்பு மரமெங்கும் முறுமுறுக்க இறுகும். அந்தச் சக்கரம் உண்மையிலேயே பெரியது. ஆளின் மார்பளவு உயரம். விட்டம் பெரிதானால் பள்ளத்தில் விழாமல் உருண்டு கடக்கும் என்பதற்காக அந்த உயரம். காற்று இல்லாத குறையை உயரத்தால் ஈடுசெய்தார்கள். பின்னர் காற்றடைத்த டயர் வண்டிகள் வந்தன. சக்கரம் சிறுத்தது, மாடுகளின் பாரம் குறைந்தது. அப்புச்சியின் பட்டறை மூடப்பட்டது. அவர் கைத்தொழிலை முடித்துவைத்த அந்தக் காற்றைத்தான் நான் துச்சமாக எண்ணியிருந்தேன்.

பதினெட்டுக்குச் சிறப்பே இல்லையா என்றால், உண்டு. குட்டையான பக்கச்சுவர் வளையாது; ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கார் திரும்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் துல்லியத்தை நான் அனுபவித்திருக்கிறேன். அகலமான டயர் தரையில் பதியும் பரப்பு பெரிதும் கூடுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. உலர்ந்த சாலையின் வளைவில் இது நன்மை. நீர் தேங்கிய சாலையில் இதுவே தீமை. அகன்ற டயர் தன் முன்னே உள்ள நீரை அதிகமாக விலக்கியாக வேண்டும். விலக்க முடியாத வேகத்தில் நீர் ஆப்புபோல் அடியில் நுழைந்து டயரைத் தூக்கிவிடும். பிறகு கார் தரையில் ஓடவில்லை, நீரில் மிதக்கிறது. மல்லூரில் நிகழ்ந்தது அதுதான். ரிம் பெரிதாகும்போது எடையும் பெரும்பாலும் கூடும். அந்த எடை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் உடலுக்கு வந்து சேரும். பள்ளத்தின் விளிம்பில் ரிம் நெளியவும், பக்கச்சுவர் புடைத்து வெடிக்கவும் வாய்ப்பு மிகும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பழைய டயர்களின் சுமைக்குறி 88, அதாவது 560 கிலோ. ஆலை வகுத்ததைவிட டயருக்கு 55 கிலோ குறைவு. நான்கிற்கும் சேர்த்து 220 கிலோ. அதே அளவில் 92 என்ற குறியோடு வலுவூட்டிய வகையும் உண்டு. வாங்கியவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற வலியறிதல் குறளை ஆண்டுதோறும் நடத்துகிறவன், ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, உரசும் ஒலியைக் கேட்காததுபோல் ஓட்டினேன்.

பதினேழு நல்ல சமரசம். திருப்பத்தில் துல்லியமும் வேண்டும், சாலையும் ஓரளவு ஒழுங்கானது, பெரும்பாலும் தனியாகவே பயணம் என்பவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். எனக்கு, இராசிபுரத்திலிருந்து ஊருக்குச் செல்லும் கிளைச்சாலையையும் பின்னிருக்கையையும் எண்ணி, ஆலை வகுத்த பதினாறுக்கே திரும்புவதென முடிவு செய்தேன்.

அடுத்தது டயரின் வகை. பனிக்கால டயர் என்பது 7 டிகிரி செல்சியசுக்குக் கீழும் இறுகாத மென்மையான ரப்பரால் ஆனது. சேலத்து வெயிலில் அது விரைவில் தேய்ந்து போகும். நமக்கு அதனால் பயனில்லை. நம் முன்னே இருப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வேகத்துக்கென்று செய்யப்பட்ட, பிடிப்பு மிகுந்த, ஆனால் சீக்கிரம் தேய்கிற, இரைச்சல் மிகுந்த வகை. மற்றது நெடும்பயணத்துக்கான, அமைதியான, நீண்டநாள் உழைக்கிற வகை. இரண்டுக்கும் பொதுவாக நான் பார்க்கச் சொல்வது ஈரச்சாலைப் பிடிப்பை. நீரை வெளியேற்றும் அகன்ற நேர்பள்ளங்கள் மூன்று நான்கு இருக்கின்றனவா, ரப்பரில் சிலிக்கா சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2022-இல் மத்திய அரசு உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, ஈரச்சாலைப் பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரங்களை அறிவித்தது. அது கீழ் எல்லைதான், அதற்கு மேலும் டயருக்கு டயர் வேறுபாடு உண்டு. உட்புறமும் வெளிப்புறமும் வேறுவேறு பட்டன் கொண்ட டயர்களில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருப்பார்கள். மாற்றி மாட்டாமல் நின்று பாருங்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். கடைப்பையனின் வழக்கமான எண்ணைவிட அதை நம்புங்கள். உபரிச் சக்கரத்தின் வயதையும் பாருங்கள். உமணர் தம் உப்பு வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியிருக்கிறார். அந்த அச்சு உளுத்ததாக இருந்திருந்தால் உவமையும் நிலைத்திராது.

நெடும்பயண வகையில், 91வி குறியோடு நான்கு டயர்களைத் தேர்ந்தேன். அவற்றோடு, ஆலையில் வந்த பழைய 16 அங்குல அலாய் வீல்கள் நான்கும் சேர்ந்து 65,000 ரூபாய். மகளின் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதம் அது. பதினெட்டு அங்குல ரிம்களை 36,000-க்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். பிறகு, இயல்பாக, "டயர் நாலுக்கும் தனியா எட்டாயிரம் தர்றேன் சார். கால் டாக்சி ஓட்டற பையன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். 1117 என்ற எண்ணை எனக்குக் காட்டியவரே அவர்தான். "பட்டன் இருக்கு சார், டவுனுக்குள்ள ஓட்டறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றும் சொன்னார். எட்டாயிரம் என்பது எனக்குச் சிறிய தொகையும் அன்று. நாளை சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒருக்கா ஒரு கவுண்டரு ஆரக்கால் வெடிச்ச சக்கரத்தக் கொண்டாந்தாரு. சந்தையில வண்டிய வித்துப்போடறேன், பட்டைய மட்டும் இறுக்கிக் குடு, வெடிப்பு தெரியாதுன்னாரு. அப்புச்சி செய்ய மாட்டேன்னுட்டாரு. வாங்கறவன் பாரம் ஏத்துவானல்லொ, அவனுக்குத் தெரியாதேன்னாரு. அவரு வேற ஆசாரிகிட்டப் போயிட்டாரு. அந்த மாசம் நாங்க கம்மங்கூழுதான் குடிச்சோம்" என்றார். இதைச் சொல்லி எனக்கு அறிவுரை கூறினார் என்று சொல்ல மாட்டேன். கூழை நினைத்துக்கொண்டு சொன்னதாகவே பட்டது.

மறுநாள் புதிய டயர்களை மாட்டி, பேலன்சிங்கும் அலைன்மெண்டும் முடித்தபின், பழைய நான்கையும் பக்கச்சுவரில் கிழித்துத் தரும்படி கேட்டேன். பட்டறைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். "எட்டாயிரம் சார்" என்றார் மெல்ல. தலையசைத்தேன். பையன் கத்தியை எடுத்து வந்து ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களில் கிழித்தான். வெளியே கறுத்துப் பளபளத்த ரப்பரின் விளிம்பில், பட்டனின் அடியோரம் முழுவதும் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் விரிந்து தெரிந்தன. கடைக்காரர் குனிந்து அதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பில்லில் முன்னூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

கார் இப்போது அவ்வளவு அழகாக இல்லை. வளைவுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. மாணவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. மகள் சில நாள் முகம் தூக்கி வைத்திருந்தாள். பிறகு, மழை பெய்த ஒரு மாலையில், "இப்ப பயமா இல்லப்பா" என்றாள். வேகத்தின் மீதான விருப்பம் எனக்குக் குறைந்துவிடவில்லை. உலர்ந்த காலைகளில் ஆண்டகளூர்க்கேட்டைத் தாண்டியதும் அந்த என்ஜின் இன்னும் என்னை முல்லைநிலத்துத் தலைவனாக்குகிறது. அம்மா வேகத்தடைகளில் இடுப்பைப் பிடித்துக்கொள்வதில்லை.

நண்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை தத்தம் காரின் அருகே குனிந்து அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இல்லாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும்.

எழுதி முடித்தபின் ஒன்றை மறைத்ததாக உணர்கிறேன், சொல்லிவிடுகிறேன். 2019-இல் என் பழைய சிறிய காருக்கு டயர் மாற்றியபோது, கழற்றிய நான்கையும் இதே கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவையும் ஏழெட்டு ஆண்டுப் பழையவை. அன்று மகிழ்ச்சியாக இருந்தது. அவை எந்த வண்டியில் ஏறின என்று நான் கேட்கவில்லை.